ஒட்டினால் சரியான இடத்தில் ஒட்டட்டும்: பக்க வடிவமைப்பில் அலகு, கிரிட், ஸ்நாப்

பக்க வடிவமைப்பு மென்பொருளைப் புதிதாகத் திறந்தவர்கள் முதல் வாரத்திலேயே இதனோடு மல்லுக்கட்டுவார்கள். ஒரு படத்தை இழுத்து ஓரத்தில் வைக்கப் பார்ப்பார்கள். அது நினைத்த இடத்துக்கு ஒரு நூல் முன்னால் நின்றுகொள்ளும். கொஞ்சம் தள்ளினால் ஒரேயடியாகத் தாண்டிக் குதிக்கும். எரிச்சலில், இழுக்கும் பொருளை அருகில் உள்ள கோட்டில் தானாக ஒட்டவைக்கும் ஸ்நாப் வசதி எங்கே இருக்கிறது என்று தேடி அணைத்துவிட்டு, அப்புறம் எல்லாவற்றையும் கண் மதிப்பிலேயே அடுக்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பல மாதம் ஸ்நாப்பைத் திட்டிய பிறகுதான் புரிந்தது, அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது. கோளாறு அது போய் ஒட்டிக்கொள்ளும் கோடுகளில் இருந்தது. அந்தக் கோடுகளை நான் போடவே இல்லை. மென்பொருள் தானாகப் போட்டுவைத்திருந்தது.

ஆகவே இந்தக் கட்டுரை ஸ்நாப்பில் தொடங்காது. முதலில் அலகு, அதற்குப் பிறகு பக்கத்தின் கணக்கு, அதிலிருந்து கிரிட், அதாவது பக்கம் முழுக்கச் சம தூரத்தில் ஓடும் கட்டக் கோடுகள், கடைசியில்தான் ஸ்நாப். இந்த வரிசையை மாற்றினால் கிடைப்பது, தவறான இடத்தில் மிகத் துல்லியமாக ஒட்டிய பொருள்கள்தான். உதாரணங்களுக்கு இலவச மென்பொருள்களான ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப் இரண்டையும், காசு கொடுத்து வாங்கும் இன்டிசைனையும் எடுத்துக்கொள்கிறேன். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் பெயர்கள்தான் மாறும், விஷயம் மாறாது.

முதலில் அலகு

புதிய ஆவணத்தைத் திறந்ததும் மேலேயும் இடப்பக்கமும் இருக்கும் ரூலரைப் பாருங்கள். அதில் ஓடும் எண்கள் மில்லிமீட்டரா, பாயின்டா, பிக்சலா, அங்குலமா? பலர் இதைக் கவனிக்காமலேயே வேலையை ஆரம்பித்துவிடுவார்கள்.

அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் உறவு எளிது. ஒரு அங்குலம் சரியாக 25.4 மி.மீ. 1959இல் செய்துகொண்ட சர்வதேச உடன்பாட்டின்படி இது தோராயம் அல்ல, வரையறையே இதுதான்.

பாயின்ட் கொஞ்சம் குழப்படி பிடித்தது. இன்றைக்கு நம் மென்பொருள்களில் வரும் பாயின்ட், அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால் 0.3528. ஈய எழுத்துக் காலத்து அமெரிக்க அச்சகங்களின் பாயின்ட் இதைவிட ஒரு துளி சின்னது, அங்குலத்துக்கு ஏறத்தாழ 72.27 வரும். ஐரோப்பாவில் புழங்கிய டீடோ பாயின்ட் கொஞ்சம் பெரிது, சுமார் 0.376 மி.மீ. 1980களில் வந்த, பக்கத்தை அச்சுப்பொறிக்கு விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி 72 என்று முழு எண்ணாக்கிவிட, அதுவே நிலைத்தது. பிடிஎஃப் கோப்பின் அடிப்படை அளவும் இதே 72இல் ஒரு பங்குதான். பழையவை முழுக்க மறைந்துவிடவில்லை. டெக் அச்சுக்கோப்பு மென்பொருளில் வெறும் பாயின்ட் என்றால் இன்றும் பழைய 72.27 கணக்குதான், புதிய பாயின்டுக்கு அதில் தனிச் சுருக்கம் உண்டு. ஸ்கிரைபஸின் அலகுப் பட்டியலில் சிசெரோ என்று ஒரு பெயரைப் பார்த்து விழித்திருப்பீர்கள். அது 12 டீடோ பாயின்ட். அதேபோல 12 சாதாரணப் பாயின்ட் சேர்ந்தால் ஒரு பைக்கா, 6 பைக்கா ஓர் அங்குலம். இந்த இரண்டையும் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும், பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை.

பிக்சல்தான் உண்மையில் ஆளைக் கவிழ்க்கும். மற்றவை நீளத்தைக் குறிப்பவை. பிக்சலோ, 'அங்குலத்துக்கு எத்தனை?' என்று கூடவே சொல்லாத வரைக்கும் நீளமே இல்லை. இணையப் பக்கங்களுக்கான சிஎஸ்எஸ் விதியில் அங்குலத்துக்கு 96 பிக்சல். இங்க்ஸ்கேப் 2017இல் வந்த 0.92 பதிப்பு முதல் இதே 96ஐப் பின்பற்றுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் அது 90. படம் வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டர், எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பாக எழுதித் தரும்போது 72 என்று கணக்கு வைக்கும். விளைவு என்ன? இல்லஸ்ட்ரேட்டரிலிருந்து வந்த படம் இங்க்ஸ்கேப்பில் முக்கால் அளவுக்குச் சுருங்கி நிற்கும், ஏனென்றால் 72ஐ 96ஆல் வகுத்தால் 0.75. பழைய இங்க்ஸ்கேப் கோப்பு புதியதில் 93.75 சதவீதமாகத் தெரியலாம், அது 90க்கும் 96க்கும் உள்ள விகிதம். இந்த இரண்டு சதவீதங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படம் காரணமே இல்லாமல் இந்த அளவுக்குச் சுருங்கியிருந்தால், வேறெங்கும் தேட வேண்டாம்.

சரி, எந்த அலகைத் தேர்ந்தெடுப்பது? என் வழி இது. செய்கிற பொருளைக் கடைசியில் யாராவது வெட்டவோ மடிக்கவோ போகிறார்கள் என்றால் மில்லிமீட்டர். திரையிலேயே வாழ்ந்து திரையிலேயே முடியும் பொருள் என்றால் பிக்சல். எழுத்தின் அளவும் வரி இடைவெளியும் மட்டும் எப்போதும் பாயின்ட். நீளம், அகலம், இடம் மூன்றும் ஒரே அலகில்தான் இருக்க வேண்டும். இந்தப் பெட்டிக்கு மில்லிமீட்டர், அந்தக் கோட்டுக்கு பாயின்ட் என்று கலந்தால் பிறகு எதுவும் எதோடும் பொருந்தாது.

அலகை மாற்றுவது எங்கே? இன்டிசைனில் ரூலரின் மேல் வலது சொடுக்கு. ஸ்கிரைபஸில் சாளரத்தின் அடியில் இருக்கும் சின்னப் பட்டியல். இங்க்ஸ்கேப்பில் டாக்குமென்ட் ப்ராப்பர்டீஸ். இப்படி மாற்றுவதால் பொருள்கள் நகரவோ வளரவோ செய்யாது, எண்களை நமக்குக் காட்டும் விதம் மட்டுமே மாறும். 100 பாயின்ட் அகலப் பெட்டி, மில்லிமீட்டருக்கு மாறியதும் 35.28 என்று காட்டும். பெட்டி அதே பெட்டிதான். இந்த 35.28ஐ மறக்காதீர்கள், பின்னால் வரும்.

இன்னொரு வசதியும் உண்டு. ஆவணம் மில்லிமீட்டரில் இருந்தாலும், அளவுக் கட்டத்தில் எண்ணுக்குப் பின்னால் வேறு அலகின் சுருக்கத்தைச் சேர்த்து அடித்தால் பெரும்பாலான மென்பொருள்கள் தாமே மாற்றிக்கொள்ளும். இன்டிசைன் கூட்டல் கழித்தலும் போடும். கால்குலேட்டரைத் தேட வேண்டியதில்லை.

(ஒரு சின்ன வேடிக்கை. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் கோப்புகளில் படங்களின் அளவைக் குறிக்க ஓர் உள் அலகு இருக்கிறது. அங்குலத்துக்கு 9,14,400 என்பது கணக்கு. எதற்கு இந்த விநோத எண்? அதன்படி ஒரு சென்டிமீட்டர் 3,60,000, ஒரு பாயின்ட் 12,700. மூன்றும் மிச்சமில்லாத முழு எண்கள். அலகு மாற்றும்போது தசமத்துக்குப் பின்னால் வால் தொங்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு.)

பக்கத்தின் கணக்கைப் போடுவது

ஒரு உதாரணத்தை எடுத்துக் கடைசிவரை கொண்டுபோவோம். ஏ5 அளவில் ஒற்றைத் தாள் ஒன்று, அகலம் 148 மி.மீ., உயரம் 210 மி.மீ. பக்க அளவைப் பாயின்டில் பார்க்க நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 595.28க்கு 841.89 என்றால் ஏ4. 612க்கு 792 என்றால் அது அமெரிக்க லெட்டர் தாள். இறக்கிய மாதிரிக் கோப்பு எதில் இருக்கிறது என்பதை இந்த எண்களே காட்டிக்கொடுத்துவிடும்.

புதியவர்கள் இந்த இடத்தில் நேராகப் போய், 5 மி.மீ.க்கு ஒரு கோடு என்று கிரிட் போடுவார்கள். 5 நல்ல முழு எண்தானே! உயரம் 210ஐ 5 வகுத்துவிடும், 42 கட்டம். அகலம் 148 வகுபடாது, 29.6 வரும். இடது ஓரத்திலிருந்து கட்டங்கள் அழகாக வந்து, வலது ஓரத்தில் 3 மி.மீ. துண்டு மிஞ்சும். இடப்பக்கம் கிரிட்டோடு ஒட்டிய பெட்டியும் வலப்பக்கம் கிரிட்டோடு ஒட்டிய பெட்டியும் தாளின் ஓரத்திலிருந்து வெவ்வேறு தூரத்தில் நிற்கும். பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்ததுபோல் தெரியும், ஏனென்று பிடிபடாது.

ஆகவே தாளை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பகுதியைப் பாருங்கள். எழுத்தும் படமும் வரப்போகும் இடம் அதுதான். இடமும் வலமும் 14, மேலும் கீழும் 15 என்று ஓர இடைவெளி விட்டால் உள்ளே 120க்கு 180 கிடைக்கும். இந்த இரண்டு எண்களும் பல எண்களால் வகுபடும் அருமையான எண்கள். தாளின் அளவு நம் கையில் இல்லை, ஓர இடைவெளி நம் கையில். வகுபடாத மிச்சத்தை எல்லாம் அங்கே தள்ளிவிடுங்கள்.

அடுத்தது பத்திகள், அதாவது நாளிதழில்போல அருகருகே நிற்கும் எழுத்து நிரல்கள். இரண்டு பத்தி, நடுவில் 5 மி.மீ. இடைவெளி என்றால் ஒவ்வொன்றும் 57.5. மூன்று பத்தி என்றால் 36.67 என்று தசமம் முடிவில்லாமல் போகும். இடைவெளியை 6 ஆக்கிப் பாருங்கள். இரண்டு பத்திக்கு 57, மூன்று பத்திக்கு 36. இப்போது 57, 36, 6, 120, 180 என்ற ஐந்துமே 3ஆல் வகுபடுகின்றன. அச்சகங்கள் வழக்கமாகக் கேட்கும் வெட்டு ஓரம், அதாவது படம் தாளின் விளிம்பைத் தாண்டி நீள வேண்டிய அளவும், பெரும்பாலும் 3 மி.மீ.தான். ஆக நம் கிரிட் 3 மி.மீ. நான்கு கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு போட்டால் அது 12 மி.மீ. அகலத்தில் 10, உயரத்தில் 15 பெரிய கட்டங்கள் மிச்சமில்லாமல் உட்காரும்.

இந்த ஐந்து நிமிடக் கணக்கைத் தாளில் பேனாவால் போட்டுப் பார்ப்பதுதான் மொத்த வேலையிலும் முக்கியமான படி. மென்பொருளில் செய்வதெல்லாம் இந்த எண்களை அடித்து வைப்பது மட்டுமே.

கிரிட்டை மென்பொருளில் போடுவது

இன்டிசைனில் ப்ரிஃபரன்ஸஸ் போய் கிரிட்ஸ் பகுதியில், கோட்டுக்குக் கோடு தூரம் 12 மி.மீ., உட்பிரிவு 4 என்று கொடுங்கள். ஸ்கிரைபஸில் ஃபைல் பட்டியலில் டாக்குமென்ட் செட்டப், அதில் கைட்ஸ். சின்னக் கிரிட் 3, பெரிய கிரிட் 12. இங்க்ஸ்கேப்பில் டாக்குமென்ட் ப்ராப்பர்டீஸில் கிரிட்ஸ் தாவலுக்குப் போய், செவ்வகக் கிரிட் ஒன்றைப் புதிதாகச் சேர்த்து, அலகை மி.மீ. ஆக்கி, இரண்டு திசைக்கும் தூரம் 3, பெரிய கோடு 4க்கு ஒன்று. இங்க்ஸ்கேப்பில் கிரிட்டுக்கென்று தனி அலகு இருப்பதைக் கவனியுங்கள். ஆவணம் மி.மீ.யில் இருக்க, கிரிட் மட்டும் பிக்சலில் இருப்பது அடிக்கடி நடக்கும் கூத்து.

இப்போது கிரிட் தொடங்கும் புள்ளி. கோடுகள் தாளின் மூலையிலிருந்து எண்ணப்பட்டால், 14 மி.மீ.யில் இருக்கும் நம் ஓரக்கோட்டின் மேல் எந்தக் கிரிட் கோடும் விழாது. 12இல் ஒன்று, 15இல் ஒன்று என்று இருபுறமும் தப்பிப்போகும். இங்க்ஸ்கேப்பில் கிரிட்டின் தொடக்கப் புள்ளியாக 14, 15 என்று கொடுத்துவிட்டால் போதும். தொடக்கத்தை நகர்த்த வழியில்லாத மென்பொருள் என்றால் நான் செய்வது, இடது ஓரத்தை 15, வலது ஓரத்தை 13 ஆக்கிவிடுவது. உள்ளே அதே 120. 15ஐ 3 வகுத்துவிடுவதால் கிரிட்டும் ஓரமும் தானே சேர்ந்துகொள்ளும். ஒற்றைத் தாளில் ஒரு மி.மீ. வித்தியாசத்தை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. ஆனால் எதிரெதிர்ப் பக்கங்கள் உள்ள புத்தகத்தில் இந்தக் குறுக்குவழி உதவாது, இடப்பக்கத்தில் ஓரங்கள் திரும்பிவிடும். அங்கே கிரிட்டை நம்பாமல், எல்லாப் பக்கங்களுக்கும் அச்சாக இருக்கும் மாஸ்டர் பக்கத்தில் கைடு கோடுகளை, அதாவது வேண்டிய இடத்தில் நாமே வைக்கும் வழிகாட்டிக் கோடுகளைப் போட்டுக்கொள்வதே நல்லது.

பழைய இங்க்ஸ்கேப் பாடங்களைப் பார்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020இல் வந்த 1.0க்கு முன்பு வரை அதில் பூச்சியம் பக்கத்தின் அடியில் இடது மூலையில் இருந்தது. இப்போது மேல் இடது மூலை. பாடத்தில் உள்ள ஒய் எண்கள், அதாவது மேல் கீழ் இடத்தைச் சொல்லும் எண்கள், உங்கள் திரையில் தலைகீழாக வந்தால் தவறு உங்களுடையது அல்ல.

வரிகளின் கிரிட்

எழுத்து நிறைய உள்ள பக்கத்துக்குப் பெட்டிகளின் கிரிட் மட்டும் போதாது. பக்கத்துப் பத்திகளில் வரிகள் ஒன்றுக்கொன்று நேராக ஓட வேண்டுமென்றால் பேஸ்லைன் கிரிட் தேவை, அதாவது எழுத்துகள் உட்காரும் கோடுகள். இது பாயின்டில் ஓடும், நம் பெட்டிகள் மி.மீ.யில். இந்த இரண்டும் எங்கே சந்திக்கும்?

180 மி.மீ. உயரம் பாயின்டில் 510.24. வரி இடைவெளி 14 பாயின்ட் என்றால் 36.4 வரி, பாதி வரி அடியில் தொங்கும். 15 பாயின்ட் என்றால் 34 வரிக்கு 510 பாயின்ட், அதாவது 179.92 மி.மீ. மிச்சம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 10 பாயின்ட் எழுத்துக்கு 15 பாயின்ட் இடைவெளி அதிகமாகத் தோன்றலாம். ஆங்கில எழுத்துக்கு அது தாராளம்தான். தமிழில் 'கீ', 'தீ' போன்றவற்றின் சுழி மேலே ஏறும், 'மூ', 'ரு' போன்றவை கீழே இறங்கும். மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் இடித்துக்கொள்ளாமல் இருக்க இந்த இடம் வேண்டும். ஆங்கில மாதிரிக் கோப்பில் தமிழைக் கொட்டும்போது பக்கம் மூச்சுமுட்டித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேஸ்லைன் கிரிட்டை மேல் ஓரக்கோட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். உடல் எழுத்தை, அதாவது கட்டுரையின் முக்கிய எழுத்தை மட்டும் அதில் பூட்டுங்கள். தலைப்பையும் படக்குறிப்பையும் பூட்டினால் அவை சம்பந்தமில்லாமல் ஒரு முழு வரி கீழே தாவும்.

இப்போது ஸ்நாப்

ஸ்நாப் செய்வது இவ்வளவுதான். நாம் இழுக்கும் பொருளின் ஒரு முனை ஏதாவது ஒரு கோட்டுக்குக் குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தால், மீதித் தூரத்தை மென்பொருள் தானே இழுத்து ஒட்டிவிடும். இதில் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எந்தக் கோடு, எந்த முனை, எவ்வளவு தூரம்?

தூரத்தை முதலில் பார்ப்போம், அடம்பிடிக்கும் பெட்டிகளில் பாதி இதனால்தான். இந்தத் தூரம் பெரும்பாலும் திரைப் பிக்சலில் கணக்கிடப்படும், தாளில் உள்ள மில்லிமீட்டரில் அல்ல. இன்டிசைனில் தொடக்க நிலையில் அது 4 பிக்சல். பக்கம் முழுவதும் தெரியும்படி தூரத்தில் வைத்துப் பார்த்தால் அந்த நான்கு பிக்சல் தாளில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குச் சமமாகிவிடும். 3 மி.மீ. கிரிட்டில் அதற்குத் தப்பி எங்கே வைப்பது? எங்கே விட்டாலும் ஏதாவது ஒரு கோடு கவ்விக்கொள்ளும். நெருங்கிப் போய்ப் பார்த்தால் அதே நான்கு பிக்சல் மயிரிழை அளவு ஆகிவிடும், வேண்டிய இடத்தில் நிதானமாக வைக்கலாம். ஆகவே பெட்டி அடம்பிடித்தால் ஸ்நாப்பை அணைக்கும் முன்பு பெரிதாக்கிப் பாருங்கள். தூரத்தில் இருக்கும்போது சில மென்பொருள்கள் சின்னக் கோடுகளை மறைத்துவிடுவதும் உண்டு. இங்க்ஸ்கேப்பில், கண்ணுக்குத் தெரியும் கோடுகளில் மட்டும் ஒட்டு என்று சொல்லும் தேர்வும் இருக்கிறது.

அடுத்து, எந்தக் கோடு. கிரிட், கைடு, ஓரக்கோடு, பக்கத்துப் பெட்டியின் விளிம்பு, அதன் நடுப்புள்ளி என்று எல்லாமே ஸ்நாப்புக்கு இலக்காகலாம். அத்தனையையும் ஒரே நேரத்தில் போட்டுவைத்தால் ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுப்பதுபோல் ஆகும். தொடக்கத்தில் கிரிட்டை மட்டும் போட்டுப் பெரிய பெட்டிகளை எல்லாம் அமர்த்துங்கள். அப்புறம் கிரிட் ஸ்நாப்பை அணைத்துவிட்டு, பொருளோடு பொருள் ஒட்டும் ஸ்நாப்பைப் போட்டு உள்ளே உள்ள சின்னச் சாமான்களை அடுக்குங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் இந்த இரண்டும் சேர்ந்து வேலை செய்யவே செய்யாது, கிரிட் ஸ்நாப் இருந்தால், பொருளோடு பொருளை ஒட்டும் ஸ்மார்ட் கைடு ஒதுங்கிக்கொள்ளும். மென்பொருள் பழுதாகிவிட்டதோ என்று பலர் தேடி அலையும் இடம் இது.

எந்த முனை என்பதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. ஒரு பெட்டிக்கு 1 மி.மீ. தடிமனில் விளிம்புக்கோடு போடுகிறீர்கள். கோடு வழக்கமாக விளிம்பின் இருபுறமும் பாதிப்பாதி பரவும். கண்ணுக்குத் தெரியும் பெட்டி, கணக்கில் உள்ள பெட்டியைவிட நாலாபுறமும் அரை மில்லிமீட்டர் பெரிது. ஸ்நாப் எதை எடுத்துக்கொள்ளும்? இங்க்ஸ்கேப்பில் இதற்கு ப்ரிஃபரன்ஸஸில் ஒரு தேர்வே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும் எல்லையா, வடிவத்தின் எல்லையா என்று. தொடக்க நிலையில் முன்னது. ஆகவே 36 மி.மீ. பெட்டி ஒன்று போட்டு, அப்புறம் விளிம்புக்கோடு சேர்த்தால் அகலம் 37 என்று காட்டும். புதியவர்கள் பதறிப்போய் அதை 36ஆகச் சுருக்குவார்கள், உள்ளே உள்ள வடிவம் 35 ஆகிவிடும். நான் எப்போதும் வடிவத்தின் எல்லை என்பதையே வைத்திருக்கிறேன். கோடு எவ்வளவு தடித்தாலும் பெட்டி கிரிட்டிலேயே இருக்கும்.

இன்னும் சில விஷயங்கள் வேகமாக. ஸ்நாப்பைப் போட்டதும் ஏற்கெனவே தவறான இடத்தில் உள்ளவை தாமாகச் சரியாகிவிடாது, இனி இழுப்பவை மட்டுமே ஒட்டும். கிரிட்டைக் காட்டுவதும் கிரிட்டில் ஒட்டுவதும் இரண்டு தனித்தனிச் சுவிட்சுகள். சில மென்பொருள்களில் கிரிட்டை மறைத்தாலும் ஒட்டுதல் தொடரும். 'எதுவுமே இல்லாத இடத்தில் போய் ஒட்டுகிறது' என்ற புகாருக்கு விடை பெரும்பாலும் இதுதான். இங்க்ஸ்கேப்பில் # கிரிட்டைக் காட்டி மறைக்கும், % ஸ்நாப்பைப் போட்டு அணைக்கும். ஒரே ஒரு தடவை ஒட்டாமல் நகர்த்த, இழுக்கும்போது ஷிஃப்டை அழுத்திக்கொள்ளலாம்.

அம்புக்குறி விசை என்ற திருடன்

எல்லாவற்றையும் சரியாக அமைத்த பிறகும் பொருள்கள் கிரிட்டைவிட்டு விலகினால் குற்றவாளி அம்புக்குறி விசைதான். சுட்டியால் இழுக்கும்போது காவல் காக்கும் ஸ்நாப், விசையால் தட்டி நகர்த்தும்போது பல மென்பொருள்களில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு தட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதும் வேறு ஒரு அமைப்பில் இருக்கிறது. இங்க்ஸ்கேப்பில் தொடக்க நிலை 2 பிக்சல், அதாவது 0.53 மி.மீ. இரண்டு தட்டுத் தட்டினால் 1.06 மி.மீ. 3 மி.மீ. கிரிட்டில் இது எத்தனை முறை தட்டினாலும் சரியாக வந்து உட்காராது. ப்ரிஃபரன்ஸஸில் இந்தத் தூரத்தை 3 மி.மீ. அல்லது 1 மி.மீ. ஆக்கிவிடுங்கள். எனக்கு 1 பிடிக்கும், மூன்று தட்டில் ஒரு கட்டம்.

கிரிட் உதவாத இடம்

ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்து மூன்றாக மடிக்கும் துண்டறிக்கை. 297ஐ மூன்றால் வகுத்தால் 99. எவ்வளவு அழகாக வகுபடுகிறது! நான் முதன்முதலாக ஒன்று செய்தபோது 99, 99, 99 என்று கோடு போட்டு, எல்லாவற்றையும் அதில் ஒட்டி, பெருமையோடு அனுப்பிவைத்தேன். மடித்து வந்தபோது, உள்ளே மடங்கும் பகுதி மடிப்பில் முட்டி வளைந்து நின்றது. காகிதத்துக்குத் தடிமன் இருக்கிறது, உள்ளே போகும் மடல் கொஞ்சம் ஒடுங்கியிருக்க வேண்டும். 97, 100, 100 என்பது பழகிப்போன பங்கீடு. உள்ளே மடங்கும் மடல் வெளிப்பக்க வடிவமைப்பில் இடது ஓரத்தில் இருந்தால் மடிப்புக் கோடுகள் 97இலும் 197இலும் வரும். தாளின் மறுபக்கத்தில் அதே மடல் வலது ஓரத்துக்குப் போய்விடுவதால் 100, 200.

சம தூரக் கோடுகளால் இதைப் பிடிக்க முடியாது. ரூலரிலிருந்து கைடு கோடுகளை இழுத்து, எண்ணை அடித்து உட்கார வைத்துப் பூட்டிவிடுங்கள். சுட்டியால் இழுத்து 'கிட்டத்தட்ட 97' என்று விடாதீர்கள். கைடே 97.2இல் இருந்தால் அதில் ஒட்டும் அத்தனையும் 97.2இல்தான் இருக்கும்.

கிரிட்டை வேண்டுமென்றே மீற வேண்டிய இடமும் உண்டு. ஒரே உயரம் உள்ள வட்டத்தையும் சதுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வட்டம் சின்னதாகத் தெரியும். வட்டத்தை ஒரு சிட்டிகை பெரிதாக்கினால்தான் கண் ஒப்புக்கொள்ளும். அங்கே எண்ணை விட்டுவிட்டுக் கண்ணை நம்புங்கள்.

சர்க்யூட் பலகை வடிவமைப்பவர்களுக்கும் இந்தத் தலைவலி தெரியும். அங்கே அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில் என்ற அலகு புழங்குகிறது. பல பாகங்களின் கால்களுக்கு இடையே 100 மில், அதாவது 2.54 மி.மீ. 1 மி.மீ. கிரிட் போட்டால் முதல் கால் கோட்டில் நிற்கும், அடுத்தது நிற்காது. கிகேட் மென்பொருளில் சுற்று வரைபடத்துக்கு 50 மில் கிரிட்டையே விடாமல் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். கோட்டில் சேராத ஒயர், பார்வைக்குத் தொட்டதுபோல் தெரிந்தாலும் உண்மையில் இணைந்திருக்காது.

சரிபார்ப்பது

வேலை முடிந்ததும் ஒவ்வொரு பெரிய பெட்டியாகச் சொடுக்கி எக்ஸ், ஒய், அகலம், உயரம் நான்கையும் பாருங்கள். 35.999, 36.001 போன்றவை அலகு மாற்றத்தில் வரும் தசம வால்கள், பயப்பட வேண்டாம். 36.4 என்றால் யாரோ ஸ்நாப்பை அணைத்துவிட்டு நகர்த்தியிருக்கிறார்கள். 35.28 என்றால்? முன்பு மறக்காதீர்கள் என்றேனே, அதே 100 பாயின்ட். வேறு கோப்பிலிருந்து ஒட்டப்பட்ட பெட்டி, அல்லது அலகு பாயின்டில் இருந்தபோது போட்ட பெட்டி. இப்படி எண்ணைப் பார்த்தே ஊர் எது என்று சொல்லப் பழகிவிட்டால் பாதிப் பிழைகள் அச்சுக்குப் போகும் முன்பே மாட்டிக்கொள்ளும்.

தவறிய பெட்டியை இழுத்துச் சரிசெய்யாமல் எண்ணை அடித்துச் சரிசெய்யுங்கள். எண்ணை அடிக்கும் முன்பு, அது பெட்டியின் எந்தப் புள்ளிக்கான எண் என்று பாருங்கள். இன்டிசைனிலும் ஸ்கிரைபஸிலும் ஒன்பது அல்லது ஐந்து புள்ளிகள் கொண்ட சின்னக் கட்டம் ஒன்று இருக்கும். அதில் நடுப்புள்ளி தேர்வாகியிருக்கும்போது மூலைக்கான எண்ணை அடித்தால் பெட்டி எங்கோ போய்விடும்.

இன்னொரு சோதனை. ஒரு மூலையில் சரியாக 100 மி.மீ. நீளத்தில் ஒரு கோடு போட்டு, உண்மையான அளவில், அதாவது 100 சதவீதத்தில் அச்சிட்டு, அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். பிரிண்டர் சாளரத்தில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்பது தேர்வாகியிருந்தால் கோடு சில மி.மீ. குறைந்து வரும். கோப்பில் தப்பில்லை, அச்சிட்ட விதத்தில்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் கோப்பைத் திருத்தப் போய், சரியாக இருந்ததைக் கெடுத்தவர்கள் உண்டு.

கடைசியாக, இந்த வெற்றுப் பக்கத்தை மாதிரிக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஸ்கிரைபஸில் டாக்குமென்ட் செட்டப்பில் செய்த மாற்றம் அந்த ஒரு கோப்புக்கு மட்டும்தான். ப்ரிஃபரன்ஸஸில் செய்தால் இனி வரும் புதிய கோப்புகளுக்கு எல்லாம். இன்டிசைனில் எந்தக் கோப்பையும் திறக்காமல் அலகையும் கிரிட்டையும் மாற்றினால் அதுவே புதிய கோப்புகளின் தொடக்க நிலையாகிவிடும். இங்க்ஸ்கேப் 1.0 முதல் ஃபைல் பட்டியலிலேயே மாதிரியாகச் சேமிக்கும் வழி இருக்கிறது.